யார் பெயர் போட்ட பாத்திரம்?

1

சில ஆண்டுகளாக இங்கிலாந்தின் சிறு நகரங்களில் நடக்கும் பழம்பொருள் ஏலங்களின் பட்டியல்களை வாசித்துவருகிறேன். எதையும் வாங்குவதற்காக அல்ல. அந்த நாற்காலிகள் என் வீட்டு வாசலில் நுழையாது. அந்தப் பீங்கான் கோப்பைகளை வைக்க என்னிடம் அலமாரியும் இல்லை. ஒப்பிலக்கியத் தாள் நடத்துவதற்காக ஒரு ஆங்கில நாவலைப் படிக்கப் போய், அதில் வரும் சாமான்கள் எப்படி இருக்கும் என்று தேடியபோது இந்தப் பட்டியல்கள் கண்ணில் பட்டன. அகராதி வாசிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், ஒரு சொல்லுக்குப் போனவர்கள் பத்துச் சொல்லைத் தாண்டித்தான் திரும்புவார்கள். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

ஏலப் பட்டியல் ஓர் எழுத்துவகை. அதற்கென்று இலக்கணம் இருக்கிறது. முதலில் காலம், பிறகு மரம் அல்லது மண், பிறகு பொருளின் பெயர், அலங்காரம், அளவு, குறை. கடைசியில் எதிர்பார்க்கும் விலை. வினைச்சொல்லே இருக்காது. யார் செய்தார், யார் துடைத்தார், யார் அதில் உட்கார்ந்து அழுதார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. ஆனாலும் பெண்கள் அதற்குள் இருக்கிறார்கள், பெயரடைகளாக.

விக்டோரியா காலத்து மஹோகனி நாற்காலிகள் பெரும்பாலும் ஜோடியாக ஏலத்துக்கு வரும். ஒன்று 'ஜென்டில்மேன்ஸ் சேர்', மற்றது 'லேடீஸ் சேர்'. ஆணின் நாற்காலிக்கு உயர்ந்த முதுகு, நல்ல கைப்பிடிகள். பெண்ணின் நாற்காலி உயரம் குறைந்தது. கைப்பிடி இருக்காது, இருந்தால் பெயருக்கு இருக்கும். அகலப் பாவாடை விரிய இடம் வேண்டும், தையல் வேலைக்கு முழங்கை தட்டக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். அவர் கையை ஓய்வாக வைத்துக்கொள்ள நாற்காலிக்குக் கை உண்டு. அவள் கை ஓயக் கூடாது என்பதால் அவள் நாற்காலிக்குக் கை கிடையாது. இந்த ஒரு ஜோடியை வகுப்பில் படமாகக் காட்டினால் போதும், பாலினப் பாகுபாடு பற்றி முதல் அரைமணி நேரம் நான் பேச வேண்டியதில்லை.

இவை தவிர, பிள்ளைக்குப் பால் கொடுக்க என்றே குட்டைக்கால் நாற்காலி உண்டு. அடியில் பட்டுப் பை தொங்கும் தையல் மேசை உண்டு. கடிதம் எழுத 'டாவன்போர்ட்' என்ற சின்ன மேசை உண்டு; அதைப் பெண்களின் மேசை என்றே விற்பார்கள். ஆணின் எழுத்துமேசையில் இருபுறமும் முழங்கால் உயரத்துக்கு இழுப்பறைகள், கணக்குப் புத்தகங்களுக்கு இடம். எழுதுவதற்கு எவ்வளவு இடம் யாருக்கு என்பதைத் தச்சர் முன்பே அளந்துவிட்டார்.

பட்டியலில் வேறு சில சொற்கள் உண்டு. 'மேரேஜ்' என்றால் பழம்பொருள் வணிகத்தில் வேறு அர்த்தம். ஒரு வீட்டு அலமாரியின் மேல்பாகத்தை இன்னொரு வீட்டு மேசையின் அடிப்பாகத்தோடு சேர்த்து ஒரே பொருளாக ஆக்கியிருந்தால் அதற்குப் பெயர் மேரேஜ். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். பின்பக்கம் மரம் வேறாக இருக்கும். அது தெரிந்தால் விலை இறங்கிவிடும். 'கண்ட நிலையில்' என்று ஒரு குறிப்பு. விரிசலோ ஒட்டோ இருக்கிறது, நாங்கள் பொறுப்பல்ல என்று பொருள். வெள்ளிப் பாத்திரங்களில் 'பெயரெழுத்து அழிக்கப்பட்டது' என்று வரும். அதுவும் குறைதான், அதற்கும் விலை குறையும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக என்னை நிறுத்திய தலைப்பு ஒன்று உண்டு. பெரிய ஏல நிறுவனங்கள் விற்பவரின் பெயரைச் சொல்ல விரும்பாதபோது அந்தப் பொருளுக்கு மேலே இப்படி அச்சிடும்: 'ஒரு சீமாட்டியின் உடைமை'. சீமாட்டி யார் என்று தெரியாது. உடைமை என்பது மட்டும் உறுதி. விக்டோரியா காலத்துத் தேநீர்த் தட்டுக்கு மேலே இந்தச் சொற்றொடரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். இந்தத் தட்டு செய்யப்பட்ட காலத்தில் அது எந்தச் சீமாட்டியின் உடைமையாக இருந்திருக்க முடியும்?

2

நான் சொன்ன நாவல் ஜார்ஜ் எலியட்டின் 'தி மில் ஆன் த ஃபிளாஸ்'. 1860இல் வெளிவந்தது. மேகி டல்லிவர் என்ற பெண்ணின் கதையாகத்தான் அதை எல்லோரும் வாசிக்கிறோம். அறிவுத் தாகம் உள்ள பெண், அண்ணனைவிடக் கூர்மையானவள், அண்ணனுக்குக் கிடைத்த படிப்பு கிடைக்காதவள். கல்லூரியில் படித்த நாளில் என் கையில் கிடைத்தபோது நானும் மேகியாகத்தான் இருந்தேன். அவளுடைய அம்மாவை நான் கவனிக்கவே இல்லை. கவனித்தபோதும் சிரித்தேன்.

சிரிக்கும்படித்தான் எலியட் அவரை எழுதியிருக்கிறார். திருமதி டல்லிவர் குறுகிய புத்தி உள்ளவர். பிறந்த வீட்டுப் பெருமையே பேச்சாக வாழ்பவர். சாமான்களை உபயோகிக்காமல் பொதிந்துவைத்து மகிழ்பவர். கணவர் ஆற்றுநீர் வழக்கு ஒன்றில் தோற்றுப்போகிறார். ஏற்கெனவே கடனுக்கு ஈடாக வீட்டுச் சாமான்கள் மேல் பத்திரம் எழுதிக்கொடுத்திருக்கிறார். அதிர்ச்சியில் நினைவிழந்து படுக்கையில் விழுகிறார். அமீனா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறான். பிள்ளைகள் அம்மாவைத் தேடுகிறார்கள். அவர் அப்பாவின் படுக்கையருகில் இல்லை. சாமான் அறையில் இருக்கிறார்.

அந்தக் காட்சியை இப்போது பலமுறை வாசித்துவிட்டேன். காகிதச் சுற்றுகளிலிருந்து வெள்ளித் தேநீர்க் குடுவையைப் பிரித்து வைத்திருக்கிறார். நல்ல பீங்கான் கோப்பைகளைத் துணிப்பெட்டியின் மேல் பரப்பியிருக்கிறார். கரண்டிகள் வரிசையாக இருக்கின்றன. மடியில் மேசைவிரிப்புகள். அவற்றின் மூலையில் தையலிட்ட பெயரைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறார். எலிசபெத் டாட்சன். கல்யாணத்துக்கு முந்திய பெயர்.

பிள்ளைகளிடம் அவர் சொல்வது ஒரு பட்டியல்தான். இந்த நூலை நூற்றது தான். நெசவாளர் நெய்து முதுகில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தது தனக்கு நினைவிருக்கிறது. வடிவத்தைத் தேர்ந்தது தான். வெளுத்தது தான். பெயரை எப்படித் தைத்திருக்கிறார் என்றால், துணியை வெட்டாமல் அதை எடுக்க முடியாது. அந்தத் துணிகள் இனி யாரோ வீட்டுக்குப் போகும், யாரோ அவற்றை வெட்டுவார்கள்.

இதையும் ஏலப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பொருள்களைப் பற்றிய இரண்டு எழுத்துகள். ஏலப் பட்டியலில் வினைச்சொல் இல்லை. திருமதி டல்லிவரின் பட்டியல் முழுக்க வினைச்சொல்தான்: நூற்றேன், தேர்ந்தேன், வெளுத்தேன், தைத்தேன். ஒரு பெண் தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்வரலாறு சொல்கிறார், துணிகளை முன்னிட்டு. கேட்பதற்கு யாரும் தயாராக இல்லை.

மேகிக்குக் கோபம் வருகிறது. அப்பா அந்த நிலையில் கிடக்கும்போது உன் பெயர் போட்ட பொருள்தானா பெரிது, அப்பாவின் பெயரும் உள்ளது உனக்குப் பெரிதில்லையா என்று வெடிக்கிறாள். இந்த வாதத்தை வகுப்பில் கேட்டால் மாணவிகள் தலையாட்டுவார்கள். மேகியின் பக்கம் அன்பு, அறிவு, பெருந்தன்மை. அம்மாவின் பக்கம் சாமான். யாருக்குத்தான் சாமான் பக்கம் நிற்கத் தோன்றும்?

அப்பாவின் பெயரும் உள்ளது என்று மேகி நினைத்துக்கொள்ளும் இடத்தில்தான் சிக்கல். சட்டப்படி அந்த அறையில் இருந்த எல்லாப் பொருள்களிலும் அப்பாவின் பெயர் மட்டுமே இருந்தது. மூலையில் தைத்த எழுத்துக்குச் செல்லுபடி இல்லை. அதனால்தான் அவர் ஒரு வார்த்தை கேட்காமல் அவற்றை ஈடு வைக்க முடிந்தது.

3

இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, கல்யாணம் ஆன கணத்தில் பெண்ணின் அசையும் சொத்து முழுதும் கணவனுடையதாகிவிடும். பணம், பண்டம், பாத்திரம், அவள் பிறகு சம்பாதிக்கும் கூலி உட்பட. அவளுடைய உடுப்பும் நகையும் மட்டும் சற்று வேறு வகை. அவற்றைக் கணவன் தன் ஆயுளில் விற்கலாம், கொடுக்கலாம். உயில் எழுதி வேறு யாருக்கும் விட்டுச்செல்ல மட்டும் முடியாது. அந்த வகைக்குச் சட்டம் வைத்திருந்த பெயர் 'பாராஃபர்நேலியா'. சீருக்கு அப்பாற்பட்டது என்பது அதன் கிரேக்க மூலப் பொருள். இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தட்டுமுட்டுச் சாமான் என்று அர்த்தம். ஒரு பெண்ணுக்கென்று மிஞ்சியிருந்த உரிமையின் பெயர் தேய்ந்து தேய்ந்து தட்டுமுட்டாகிவிட்டது.

பணக்கார வீடுகள் இதற்கு வழி வைத்திருந்தன. மகளுக்கென்று அறங்காவலர்களை நியமித்துத் தனிச்சொத்து எழுதிவைப்பார்கள். டாட்சன் வீட்டாரைப்போன்ற நடுத்தரக் குடும்பங்களின் பெண்களுக்கு மூலைத் தையல்தான் மிச்சம். 1870இல் வந்த சட்டம் மணமான பெண்ணின் சம்பாத்தியத்தை அவளுக்கே ஆக்கியது. 1882இல் வந்த சட்டம்தான் அவளுடைய சொத்து முழுவதையும் அவள் கையில் விட்டது. விக்டோரியா அரியணை ஏறியது 1837இல். ஆக, ராணியின் பெயரால் நாம் அழைக்கும் அந்தப் பொருள்களில் பெரும்பகுதி, செய்யப்பட்ட காலத்தில், மணமான எந்தப் பெண்ணுக்கும் சொந்தமில்லை. 'ஒரு சீமாட்டியின் உடைமை' என்ற தலைப்பு காலத்தால் பிந்தியது.

ஜார்ஜ் எலியட் இதை அறியாதவர் அல்லர். மணமான பெண்களின் சொத்துரிமைக்காக 1856இல் பார்பரா லீ ஸ்மித் முன்னின்று நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் அவரும் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் சொந்த வாழ்க்கை இன்னும் விசித்திரமானது. மேரி ஆன் எவன்ஸ் என்ற அவர், ஜார்ஜ் ஹென்றி லூயிஸோடு சட்டப்படி மணம் புரியாமல் வாழ்ந்தார். மணமாகாததால் அவர் சம்பாத்தியம் சட்டத்தின் முன் அவருடையதே. இருந்தும் நாவல்களின் வருமானம் லூயிஸின் கணக்கில் போடப்பட்டது. 1878இல் லூயிஸ் இறந்த பிறகு, அவர் பெயரில் கிடந்த தன் பணத்தைத் தானே எடுப்பதற்காக எலியட் பத்திரம் எழுதித் தன் பெயரோடு லூயிஸ் என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டிவந்தது. ஆண் பெயரில் எழுதினார், ஆண் பெயரில் சேமித்தார், தன்னுடையதைத் திரும்பப் பெற இன்னொருமுறை ஆண் பெயரை வாங்கினார். மேசைவிரிப்பின் மூலையில் பெயர் தைத்த பெண்ணைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை, இது தெரிந்த பிறகு என்னால் முழுச் சிரிப்பாகக் கேட்க முடியவில்லை.

அந்த அத்தியாயத்துக்கு எலியட் வைத்த தலைப்பில் ஒரு விவிலியச் சொல் இருக்கிறது, குலதெய்வச் சிலைகளைக் குறிப்பது. தமிழ் விவிலியத்தில் 'சுரூபங்கள்'. ஆதியாகமத்தில் ராகேல் தன் தகப்பன் லாபானின் சுரூபங்களைத் திருடி ஒட்டகச் சேணத்துக்குள் ஒளித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். சாமானைத் தெய்வமாக்கிக் கும்பிடும் அற்பப் பெண் என்ற கிண்டலாகவே இந்தத் தலைப்பைப் படிப்பது வழக்கம். ஆனால் திருடுவதற்கு முன் ராகேலும் லேயாளும் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். தகப்பன் வீட்டில் இனி எங்களுக்குப் பங்கு உண்டா, எங்களை விற்று அந்தப் பணத்தையும் தின்றுவிட்டாரே என்பதுதான் அவர்கள் வழக்கு. ராகேல் எடுத்தது பக்திக்காகவா, பங்குக்காகவா? எலியட் விவிலியத்தைக் கரைத்துக் குடித்தவர். இந்தப் பின்கதை தெரியாமல் அந்தச் சொல்லைத் தேர்ந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஏலம் நடக்கும் அத்தியாயம் இன்னும் கொடுமையானது. இரண்டாம் நாளும் ஏலம் தொடர்கிறது. கணவர் நினைவின்றி மேலறையில் கிடக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் அந்த அறையில் அடைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கீழிருந்து சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் முகம் அசைந்துவிடுமோ என்று பயந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டின் முழுக் கவனமும் எதுவும் கேளாத அந்த ஆண்மேல் இருக்கிறது. ஒவ்வொரு சுத்தியல் தட்டும் எந்தப் பொருளுக்கானது என்று எண்ணிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த அறையில் யார்? அவர் முகம் எப்படி இருந்தது என்று நம்மில் யாரும் கேட்கவில்லை.

ஏலமும் கல்யாணமும் எவ்வளவு பக்கம் என்பதைத் தாமஸ் ஹார்டி 1886இல் வெளியான 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' நாவலின் முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுகிறார். சந்தைக் கூடாரத்துக்கு வெளியே குதிரை ஏலம் நடக்கும் சத்தம் கேட்கிறது. குடிபோதையில் இருக்கும் ஹென்சர்டுக்கு, மனைவியையும் இப்படி விற்றால் என்ன என்று தோன்றுகிறது. கைக்குழந்தையோடு சூசன் ஒரு மாலுமிக்கு ஐந்து கினிக்கு விற்கப்படுகிறாள். இது ஹார்டியின் கற்பனை மட்டும் அல்ல. சந்தையில் மனைவியை ஏலம் விட்ட நிகழ்வுகள் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பதிவாகியிருக்கின்றன. போகும்போது சூசன் மோதிரத்தைக் கழற்றி அவன்மேல் வீசிவிட்டுப் போகிறாள். அந்த மோதிரமும் அவளுக்குச் சொந்தமல்ல என்பதை நினைத்தால், அது ஒருவகையில் கணக்குத் தீர்த்தல்.

4

இதோடு நிறுத்தினால் நான் திருமதி டல்லிவருக்கு மட்டுமே வக்கீலாக ஆகிவிடுவேன். அவருடைய பட்டியலில் அவர் நூற்றது வருகிறது, நெசவாளர் பெயர் வருகிறது. அந்தப் பீங்கான் கோப்பையில் பூ வரைந்தவள் வரவில்லை.

இங்கிலாந்தின் பீங்கான் தொழில் மத்திய இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில், இன்று ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்று ஒன்றாகிவிட்ட பர்ஸ்லம், ஹான்லி, லாங்டன் முதலான ஆறு ஊர்களில் குவிந்திருந்தது. நீலச் சித்திரம் பதித்த தட்டுகள் இப்படி உருவாயின: செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய காகிதத்தில் ஆண் அச்செடுப்பார், சிறுமி அந்தக் காகிதத்தைக் கத்தரிப்பாள், பெண் அதைத் தட்டின்மேல் ஒட்டித் தேய்த்து மையை இறக்குவாள். கையால் பூ வரைந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயரே உண்டு, 'பெயின்ட்ரஸ்'. ஒரு காலத்தில் ஆண் ஓவியர்கள், கை நடுங்காமல் இருக்கத் தாங்குகட்டை வைத்துக்கொள்ளும் உரிமையைப் பெண்களுக்கு மறுத்தார்கள். கட்டை கிடைத்தால் பெண்களும் நுட்பமான வேலையைச் செய்துவிடுவார்கள், கூலியில் போட்டி வந்துவிடும் என்ற பயம். நாற்காலிக்குக் கை இல்லாத கதையும் இதுவும் ஒன்றுதான். கை ஓய இடமில்லாத ஒருத்தி வரைந்த கோப்பையில், கை ஓய இடமில்லாத நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருத்தி தேநீர் குடித்தாள்.

கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சில சமயம் ஒரு புள்ளியோ கோடோ சின்ன எழுத்தோ இருக்கும். வரைந்தவளின் அடையாளம். கையெழுத்துப்போலத் தோன்றும். கணக்குக்காகப் போட்டது அது. துண்டுக்கு இவ்வளவு கூலி என்பதால் யார் எத்தனை முடித்தார் என்று எண்ண வேண்டும். குயவர்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது, 'சூளையிலிருந்து நல்லபடி வந்தவை'. சூளையிலிருந்து பழுதில்லாமல் வெளிவந்தவற்றுக்கு மட்டுமே கூலி. சூட்டில் வெடித்தது, அடுத்தவர் தவறால் கெட்டது எல்லாம் செய்தவர் தலையில். இன்றைய ஏலப் பட்டியலில் 'குறையில்லாதது' என்ற சொல்லைப் பார்க்கும்போது, கூலி கிடைக்காமல் போன துண்டுகளை நினைத்துக்கொள்கிறேன்.

பளபளப்புக்கு விலை இன்னும் அதிகம். மெருகுக் கலவையில் ஈயம் இருந்தது. கலவையில் முக்கும் இடத்திலும் முக்கியதைத் துடைத்துச் சீராக்கும் இடத்திலும் பெண்கள் வேலை செய்தார்கள். ஈயம் உடலில் ஏறிக் கைகள் விழுந்தன, கண் போயிற்று, கருக்கள் கலைந்தன, பிள்ளைகள் இறந்தே பிறந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெர்ட்ரூட் டக்வெல் போன்ற தொழிற்சங்கப் பெண்கள் ஈயமில்லாத மெருகு கேட்டுப் பிரச்சாரம் செய்தார்கள். அந்தப் பிரச்சாரம் தொழிலாளிகளோடு நிற்காமல் வாங்குபவர்களையும் நோக்கிப் பேசியது: உங்கள் மேசைமேல் மின்னுவது எப்படி மின்னுகிறது என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து, ஏலப் பட்டியலுக்கு எழுதப்பட்ட மிகச் சிறந்த விமர்சனம் அதுதான்.

மரத்தின் கதையும் கைகள் அறுந்த கதை. மஹோகனி ஜமைக்காவிலும் கியூபாவிலும் ஹாண்டுராஸ் கடற்கரைக் காடுகளிலும் வெட்டப்பட்டது, நெடுங்காலம் அடிமைகளால். இங்கிலாந்தின் வரவேற்பறைக் கருஞ்சிவப்பு அங்கிருந்து வந்தது. இதைச் சொன்னால் திருமதி டல்லிவரின் துயரம் சிறிதாகிவிடுமா? ஆகாது. ஆனால் 'என் பொருள்' என்று சொல்லும் உரிமைக்காக வாதாடும்போது, அந்தப் பொருளுக்குள் ஏற்கெனவே விற்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் வாதாட வேண்டியிருக்கிறது. சொத்துரிமை கேட்ட விக்டோரியா காலத்துப் பெண்ணியத்தின் பலமும் பலவீனமும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

5

இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, எனக்கும் அந்தச் சாமான் அறைக்கும் என்ன உறவு என்று சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். எனக்குப் பதினாறு வயதில் அப்பாவின் வியாபாரம் நொடித்தது. அவருக்கு ஒருபக்கம் கை கால் விழுந்தது. அம்மா தன் சீர்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பரண்மேலிருந்து இறக்கினாள். அண்டா, தவலை, தாம்பாளம், குத்துவிளக்கு. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. அம்மாவின் பெயர், முன்னால் தாத்தாவின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டிலும் ஓட்டுச்சீட்டிலும் அந்த எழுத்து மாறிவிட்டது. பித்தளையில் மட்டும் மாறவில்லை. எலிசபெத் டாட்சன் என்பதும் அப்படித்தானே. பெண் தன் பெயர் என்று தைத்துவைத்ததும் ஒரு தகப்பனின் பெயர்தான். அதைவிடப் பழைய பெயர் நமக்கு யாரும் வைக்கவில்லை.

பாத்திரக்கடைக்கு அம்மாவோடு நானும் போனேன். கடைக்காரர் பெயரையெல்லாம் பார்க்கவில்லை. பழைய பித்தளை கிலோ என்ன விலையோ அந்த விலைக்குத் தராசில் வைத்தார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணாச்சி, பேரை மட்டும் அழிச்சிருங்க."

"உருக்கப்போற சாமானுக்கு எதுக்கும்மா பேரை அழிக்கணும்?"

"உருக்காம அப்படியே வித்துட்டீங்கன்னா? வேற யாராவது வீட்டுல எம் பேரு கெடக்கும்லா. வேண்டாம்."

அவர் அலுத்துக்கொண்டே அரத்தை எடுத்து ஒரு சொம்பைத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பி வரும் வழியில் நான் அம்மாவிடம் சொன்ன வாக்கியம் இன்றும் நினைவிருக்கிறது. "அப்பா இப்படிக் கெடக்கும்போது ஒனக்கு அண்டாவும் தவலையுந்தான் பெரிசாப் போச்சா?" மேகியை அப்போது நான் படித்திருக்கவில்லை. படிக்காமலே அவள் வசனத்தைப் பேசினேன். அம்மா பதில் சொல்லவில்லை. சில ஆண்டுகள் கழித்து நாவலில் அதே கேள்வி வந்தபோது, நியாயமான கேள்வி என்று அடிக்கோடிட்டேன். அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடிக்கோட்டைக் கேள்விக்குள்ளாக்கியது ஒரு மாணவி. எல்லோரும் மேகி பக்கம் பேசி முடித்த பிறகு, கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "அவங்களுக்குன்னு வேற என்ன மேம் இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் கோட்பாட்டுச் சொல் எதுவும் இல்லை. நான் முனைவர் பட்டத்துக்கு வாசித்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு வரமுடியாமல் இருந்தேன். இலட்சியப் பெண்ணை நேசிப்பது எங்களுக்கு எளிதாக இருந்தது. அடுக்களைப் பெண்ணை நேசிக்க ஒரு தலைமுறை பிந்திவிட்டது. படித்த மகள் படிக்காத அம்மாவைத் தாண்டிச் செல்வதைத்தான் விடுதலை என்று வாசித்தோம். அம்மா எதைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பதை வாசிக்கவில்லை.

நம் சட்டத்தில் சீதனத்துக்கு நீண்ட வழக்கு வரலாறு உண்டு. கணவன் வீட்டில் வைத்திருந்தாலும் பெண்ணின் சீதனம் அவளுக்கே முழு உடைமை, அது அவர்கள் பொறுப்பில் விடப்பட்டது மட்டுமே என்று பிரதிபா ராணி வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அம்மாவின் பாத்திரங்கள் அம்மாவுடையவை என்பதில் சட்டத்துக்குச் சந்தேகம் இல்லை. அவற்றை விற்றுக் கொடுக்க வேண்டியவள் அவள்தான் என்பதில் ஊருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இங்கிலாந்தில் சட்டம் பிடுங்கியதை இங்கே கடமை வாங்கிக்கொண்டது.

சென்ற ஆண்டு காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றினேன். பர்மாத் தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குகள், ஜாடிகள், தூர தேசத்துப் பீங்கான்கள். ஒரு கடையில் பூப்போட்ட கோப்பை ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் செய்தது என்று அச்சு. அதன் பக்கத்தில் தூரிகையால் இட்ட சிறு சிவப்புக் கோடு. யாருடையது என்று கேட்டேன். கடைக்காரர், "ஒரு ஆச்சி வீட்டுச் சாமான், மேடம்" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. 'ஒரு சீமாட்டியின் உடைமை' என்பதற்கு இதைவிடச் சரியான தமிழ் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

அந்தக் கோப்பையை நான் வாங்கவில்லை. வாங்குவது தவறு என்று நினைப்பதால் அல்ல. பழம்பொருள் வீட்டில் வைத்திருப்பது இப்போது ஒரு ரசனையாகிவிட்டது. என் தோழிகள் பலர் வாங்குகிறார்கள், நானும் நாளை வாங்கலாம். வாங்குகிறவர்கள் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன். அடியில் இருக்கும் கோட்டையும் மூலையில் இருக்கும் எழுத்தையும், அழிக்கப்பட்டிருந்தால் அழித்த இடத்தையும்.

அன்று கடைக்காரர் அரத்தால் தேய்த்த சொம்பைக் கடைசியில் அம்மா விற்கவில்லை. எடை பார்த்துக் கணக்குப் போட்டபோது தேவையான பணம் சேர்ந்துவிட்டது. அதை மட்டும் திரும்ப எடுத்து வந்துவிட்டாள். இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. வயிற்றுப் பகுதியில் ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்த இடம், புளி போட்டு விளக்கினால் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பளபளக்கும். ஏலப் பட்டியலில் வந்தால் பெயரெழுத்து அழிக்கப்பட்டது என்று போட்டு விலையைக் குறைப்பார்கள். சென்ற மாதம் அம்மா வந்திருந்தபோது, திரும்பப் பெயர் வெட்டிக்கொண்டு வரவா என்று கேட்டேன்.

"எந்த இனிஷியல் போடுவ?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் வெட்டவில்லை.